நாய்களையும் கூட்டி வரச் சொன்ன கடிதம்

மலாயாவுக்குப் போய்ப் பதினான்கு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் என்னைப் புறப்பட்டு வரச் சொல்லி எழுதினார். சித்திரையில் கப்பல் ஏற வேண்டும், ராசிபுரத்துக் குடும்பம் ஒன்று அதே கப்பலில் திரும்பி வருகிறதாம், அவர்களோடு சேர்ந்து வா, மிளகாய்ப் பொடியும் புளியும் மறக்காமல் கொண்டு வா என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "நாய்கள் இரண்டையும் கட்டாயம் கூட்டி வரவும்."

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் அல்ல. வரியில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் அதை எழுதிய ஆளைப் பற்றித்தான். ஏனென்றால் அவருக்கு நாய் என்றாலே ஆகாது.

நாய்கள் இரண்டும் என்னுடையவை. தாய் நாய் செவலை நிறம், அதனால் அதன் பெயரே செவலை. அதன் குட்டிக்கு மூக்கும் வாயும் கரியைப் பூசினாற்போல இருக்கும், அவன் கருவாயன். எனக்குக் கல்யாணமாகிச் சேலத்துக்குக் குடிபோனபோது செவலை வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்துவிட்டது. சூரமங்கலத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. அவர் ஒரு நூல் கடையில் குமாஸ்தா. வந்த முதல் மாதத்திலேயே செவலை அவர் காலைப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார். "உன்ற சீதனத்தைக் கட்டி வையி" என்று தெருமுனையிலிருந்தே சத்தம் போடுவார். கருவாயன் பிறந்தபோது, பால்காரனுக்குக் கொடுத்துவிடு என்று ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தார்.

நூல் கடை மூடிப்போயிற்று. வேறு வேலை கிடைக்காமல் ஒரு வருஷம் அலைந்து, தெரிந்தவர் மூலமாக மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கிராணியாகப் போனார். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற குமாஸ்தாவை அங்கே கிராணி என்பார்கள். நான் நாய்களோடு பனமரத்துப்பட்டிப் பக்கம் இருந்த எங்கள் சோளக்காட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் என் ஐயன் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), அண்ணன், அண்ணி மூன்று பேர். நாற்பது உருப்படி மேச்சேரி ஆடு. கருவாயன் ஒரே மாதத்தில் ஆட்டுப் பட்டிக்குக் காவலாகிவிட்டான்.

ஐயனிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"கடைசி வரியை இன்னொருக்காப் படி சாமி."

படித்தேன்.

"நாயைக் கண்டா நாலு பாகம் தள்ளி நிக்கற மனுசன். அவருக்கு எதுக்கு நாயி? அதும் கடல் தாண்டி?"

"தெரியலீங்க ஐயா."

"இது மாப்பிள்ளை எழுதுன காயிதந்தானா, பாரு."

அவர் சொன்ன பிறகுதான் எழுத்தை உற்றுப் பார்த்தேன். அதுவரை ஆனந்தத்தில் கவனிக்கவில்லை. உள்ளே போய்ப் பழைய கடிதங்களை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அவருடைய எழுத்து முத்து முத்தாக நிமிர்ந்து நிற்கும். இந்தக் கடிதத்தில் எல்லா எழுத்தும் இடது பக்கம் சாய்ந்து, காற்றில் படுத்த சோளப் பயிர் மாதிரி இருந்தது. இதற்கு முந்தைய கடிதம் வந்து நான்கு மாதமாகியிருந்தது. அதற்கு முன்னெல்லாம் மாதம் ஒரு கடிதம் தவறாமல் வரும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "நாஞ் சொல்றேன்னு கோவிச்சுக்காத. நாயைக் கூட்டிட்டுப் போகோணும்னா சும்மா ஆகுமா? டாக்டர் சீட்டு வேணும், கப்பல்காரன் ஒத்துக்கோணும். அதுக்குள்ள ஒரு வருசம் ஓடிப்போகும். நீ வாரதைத் தள்ளிப்போடத்தான் இந்த ரோசனை. அங்க வேற ஆரோ இருக்கறா."

நான் அவளை முறைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு என் மனசை விட்டுப் போகவில்லை. மாடு கறக்கும்போதும் அதுதான், கல் உரலில் மாவாட்டும்போதும் அதுதான்.

அண்ணன் வேறு விதமாகப் பேசினான். கப்பலில் நாய் பிழைக்காது, ஏழு நாள் உப்புக் காற்றில் கண் குருடாகிவிடும், கருவாயனை மட்டும் கூட்டிப் போகவே போகாதே என்றான். அக்கறையாகத்தான் சொன்னான். ஆனால் கருவாயன் போய்விட்டால் பட்டியில் காவலுக்கு அவன்தான் படுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். யார் எது சொன்னாலும் அதில் அவர்களுக்கு என்ன லாபம் என்று பார்க்கிற புத்தி எனக்கு அந்த மாதம்தான் வந்தது. வந்தது திரும்பிப் போகவும் இல்லை.

ராசிபுரத்துக்காரரைப் போய்ப் பார்ப்போம் என்று ஐயனும் நானும் வண்டி கட்டிக்கொண்டு போனோம். அவர் மலாயாவில் ஒரு தோட்டத்துக் கடையில் வேலை செய்கிறவர். தங்கை கல்யாணத்துக்கு வந்திருந்தார். வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்று, மோர் கொடுத்து, அங்கத்து மழையைப் பற்றியும் மரங்களைப் பற்றியும் பேசினார். நாய் விஷயத்தைச் சொன்னதும், "தொரைமார்களுக்கு வேட்டை நாயின்னா உசுருங்க. காட்டுப் பன்னி அடிக்கப் போவாங்க. நம்ம பக்கத்து நாயைக் கொண்டாந்து தொரைக்குக் குடுத்து நல்ல பேரு வாங்கற கிராணிக உண்டுங்க" என்றார்.

ஐயன் என்னைப் பார்த்தார். என் நாயை யாரோ ஒரு துரைக்குக் கொடுக்கவா?

"உங்க மாப்பிள்ளை எந்தத் தோட்டங்க?" என்று அவர் கேட்டார்.

ஐயன் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அந்த மனிதர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. உள்ளே திரும்பி, "இன்னுங் கொஞ்சம் மோரு கொண்டா" என்றார். எங்கள் டம்ளரில் பாதி மோர் அப்படியே இருந்தது.

"ஏனுங்க, அந்தத் தோட்டத்துல ஏதாச்சும் தொந்தரவுங்களா?" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி. எங்களுக்கு அது தூரம். நமக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

திரும்பி வரும்போது ஐயன் மாட்டை விரட்டிக்கொண்டே வந்தார். ஊர் எல்லை வந்ததும், "அவனுக்குத் தெரியும்" என்றார்.

நான் என் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினேன். ஊர் விசேஷமெல்லாம் எழுதி, நடுவில் விளையாட்டுப் போல ஒரு கேள்வி வைத்தேன். உங்களைக் கடித்தது இரண்டில் எந்த நாய், எங்கே கடித்தது, என் ஐயனிடம் நாம் என்ன சொன்னோம் என்று எழுதுங்கள், பார்க்கலாம் என்றேன். அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். வேறு யாராவது அவர் பேரில் எழுதினால் இதில் மாட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆகும். அதற்குள் நாய்களுக்குச் சீட்டு வாங்கி வைப்போம் என்று அண்ணனோடு சேலம் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த கம்பவுண்டர் செவலையைப் பார்த்து, "கிழட்டு நாயிம்மா, இது தாங்காது" என்று ஒதுக்கிவிட்டார். கருவாயனை மட்டும் தடவித் தடவிப் பார்த்தார். பல்லைப் பார்த்தார், நெஞ்சை அளந்தார், இரண்டு தடவை நடக்க வைத்தார்.

"கூட்டிட்டுப் போறதுல பிரயோசனமில்லைம்மா. அக்கரையில எறங்குன ஒடனே நாயைத் தனியாக் கொண்டுபோய் அடைச்சுப் போடுவாங்க. வெறிநோய் இருக்கான்னு மாசக்கணக்கா வெச்சுப் பாப்பாங்க. பாதி நாயி அதுலயே ஏங்கிச் செத்துப்போகும். வேணும்னா இவனை எங்கிட்ட உட்டுட்டுப் போங்க. நல்லாப் பாத்துக்கறேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் முன்னால் சொன்னதையும் நம்பியிருப்பேன். "ரோசனை பண்ணிச் சொல்றேனுங்க" என்று சொல்லி நாயை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பும்போது அண்ணன், "ரயிலைக் கண்டா எப்படி இருக்குதுகன்னு பாத்துரலாம் வா" என்று ஜங்ஷனுக்குக் கூட்டிப் போனான். கருவாயன் கயிறு என் கையில், செவலை கயிறு அவன் கையில். சூரமங்கலத்தில் இருந்த காலத்தில் செவலை தினமும் ரயில் சத்தம் கேட்டதுதான். ஆனால் இவ்வளவு கிட்டத்தில் என்ஜினைப் பார்த்ததில்லை. வண்டி உள்ளே நுழைந்து நீராவியை விட்டதும் கருவாயன் குரைத்தான். செவலை குரைக்கவில்லை. ஒரே இழுப்பு. அடுத்த நிமிஷம் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவிட்டது.

"கயிறு நழுவிருச்சு புள்ள" என்றான் அண்ணன்.

அவன் ஏர் பிடிக்கிற ஆள். முரட்டுக் காளையையே மூக்கணாங்கயிற்றில் நிறுத்தி வைப்பான். அவன் உள்ளங்கையைப் பார்த்தேன்; கயிறு உரசிய தடம் ஒன்றும் இல்லை. நான் பார்த்ததைக் கண்டு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். ரயிலுக்கே ஆகாத நாய் கப்பலுக்கு ஆகுமா என்று எனக்குக் காட்டத்தான் விட்டானோ என்னவோ.

ஸ்டேஷனைச் சுற்றி, பழைய வீட்டுத் தெருவில், சந்தைப்பேட்டையில் எல்லாம் தேடினோம். நான் அழுதுகொண்டே வந்தேன். பொழுது சாய வண்டி எங்கள் காட்டுக்குள் நுழைந்தபோது செவலை வாசலில் படுத்திருந்தது. பாதமெல்லாம் கிழிந்து ரத்தம். எட்டுப் பத்து மைலை எப்படி வழி கண்டுபிடித்து வந்ததோ. என்னைப் பார்த்ததும் எழுந்து வாலை ஆட்டவில்லை. நான் பக்கத்தில் போனதும் தள்ளிப்போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கும் என் மேல் சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. இரண்டு நாள் என் கையால் வைத்த சோற்றைத் தொடவில்லை. செவலையை எங்கேயும் இழுத்துப் போகக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். கருவாயனைப் பற்றி மட்டும் முடிவு சொல்ல முடியவில்லை.

பங்குனியில் பதில் வந்தது. அதே சாய்ந்த எழுத்து. ஆனால் விடை சரியாக இருந்தது. "செவலைதான். இடது கெண்டைக்கால். நீ மஞ்சள் அரைத்துக் கட்டினாய். வேலிமுள் குத்திவிட்டது என்று உன் ஐயனிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை."

எழுதியது அவர்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. "தாய் நாய்க்கு வயதாகிவிட்டதால் விட்டுவிடலாம். இளையதை அவசியம் கொண்டு வா. அது இப்போதும் புது ஆளைக் கண்டால் பாய்கிறதா? குரைப்பதோடு நின்றுவிடுகிறதா, கடிக்கவும் செய்கிறதா, எழுது."

அந்த வரியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆசைக்கு நாய் கேட்கிறவர் கடிக்குமா என்று கேட்க மாட்டார். துரைக்கு வேட்டை நாய் வேண்டுமென்றால், ஓடுமா, பிடிக்குமா என்றுதான் கேட்பார். இவர் கேட்பது மனிதனைக் கடிக்கிற நாய். அப்படியானால் இவர் யாருக்கோ பயப்படுகிறார். ராசிபுரத்துக்காரருக்கு அது தெரிந்திருக்கிறது. சாய்ந்த எழுத்துக்கும் அதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது.

அவர் யாருக்குப் பயப்படுகிறார், அவர் மேல் தப்பா, அந்த ஆள் மேல் தப்பா, ஒன்றும் தெரியாமல் ஒரு நாயைக் கொண்டுபோய் யார் மேலோ ஏவி விடுவதா? கருவாயன் பட்டியில் நரியைத் துரத்துகிறவன். அவனுக்கு எதிரே நிற்பது நரி என்று தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் ஐயனிடம் சொன்னேன். "நாயி ஒண்ணும் வேண்டாமுங்க. நா மட்டும் போறேன்."

"காயிதத்துல என்ன போட்டிருக்குது?"

"எங்க ரெண்டு பேருக்கு மட்டுந் தெரிஞ்ச சேதியைச் சரியா எழுதியிருக்காருங்க. அவரேதான்."

"அப்புறம்?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

கடைசி இரண்டு வரியை நான் படித்துக் காட்டவில்லை. படித்திருந்தால் என்னை அனுப்பியிருக்க மாட்டார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். எதையோ மறைக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என் கணவர் எனக்குச் செய்ததைத்தான் நான் அவருக்குச் செய்தேன்.

புறப்பட்ட அன்று கருவாயனைப் பட்டிக்குள் கட்டி வைத்தார்கள். வண்டி ஏரிக்கரையைத் தாண்டும் வரை அவன் குரைப்பு கேட்டது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி ஏழு நாள். ராசிபுரத்துக்காரரின் மனைவியும் நானும் மேல்தளத்தில் பாய் விரித்துக் கிடந்தோம். ராசிபுரத்துக்காரரோ நான் பக்கத்தில் வந்தாலே எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். எங்களுக்குச் சற்றுத் தள்ளி, ஆட்டுக் கூண்டுகளுக்கு நடுவில் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் நாய் கூண்டில் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து அது தலையைத் தூக்கவில்லை. பினாங்கில் எங்களையே நோய்த் தடுப்பு முகாமில் சில நாள் வைத்துத்தான் விட்டார்கள். நாயை எங்கேயோ வேறு இடத்துக்குக் கொண்டு போனார்கள். கம்பவுண்டர் சொன்னது உண்மைதான். அந்த மனுஷரை அநியாயமாகச் சந்தேகப்பட்டேன் என்று தோன்றியது. நாய் மேல் அவருக்கு ஆசை இருந்ததும் உண்மைதான்.

முகாம் வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தவர், உடனே என் பின்னால் தரையைப் பார்த்தார்.

"நாய் எங்கே?"

"கொண்டாரலீங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியை வாங்க இடது கையை நீட்டினார். வலது கை மணிக்கட்டில் கோணலாக ஒட்டியிருந்தது. விரல்கள் பாதிதான் மடங்கின.

"கைக்கு என்னாச்சுங்க?"

"மரத்திலிருந்து விழுந்துட்டேன்."

"கிராணி எதுக்குங்க மரத்துல ஏறோணும்?"

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து தோட்டத்து வீட்டில் இறங்கியபோது பட்டப்பகல். ஜன்னல்கள் உள்ளிருந்து ஆணி அடித்து மூடியிருந்தன. நான் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. கூடத்தில் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். "சொன்னாத்தான் பிரிப்பேன், இல்லாட்டி திரும்பிப் போறேன்" என்றேன். அவர் சுவரோரம் உட்கார்ந்து சொன்னார்.

ஒரு நாள் காலை, பேர் கூப்பிடும்போது ஒரு ஆள் முன்னால் வந்து, மனைவிக்குப் பிரசவ வலி, காய்ச்சலும் இருக்கிறது, ஒரு நாள் விட வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அந்த வாரம் துரை யாருக்கும் லீவு கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். "ரப்பர்ப் பால் வெட்டிட்டுப் போ" என்று இவர் அனுப்பிவிட்டார். அவன் மத்தியானம் வீட்டுக்குப் போனபோது மனைவியும் உயிரோடு இல்லை, குழந்தையும் இல்லை. பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், மரங்களுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையில் யாரோ பின்னாலிருந்து இவரைத் தடியால் அடித்தார்கள். தலைக்கு வந்த அடியைக் கையால் தடுத்தார்.

"யாருன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். துரைகிட்டப் பாக்கலைன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"பாவமா இருந்துச்சு."

பாவமா, காட்டிக்கொடுத்தால் மற்றவர்கள் சேர்ந்து கொன்றுவிடுவார்கள் என்ற பயமா என்று அப்போது நான் கேட்கவில்லை. அந்த ஆள் இன்னும் அதே தோட்டத்தில்தான் இருந்தான். தினமும் காலையில் அவன் பேரை இவர் கூப்பிடுவார். அவன் பதில் கொடுப்பான். அவ்வளவுதான் பேச்சு. இங்கே கிடைக்கிற நாயெல்லாம் ஆட்களோடு பழகியது, அவனைக் கண்டால் வாலை ஆட்டும். அதனால்தான் ஊரிலிருந்து கேட்டேன் என்றார்.

"உன்ற ஐயன் அனுப்ப மாட்டாருன்னுதான் சொல்லலை."

"எனக்குச் சொல்லியிருக்கலாமுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் அந்த ஆளின் வீட்டுக்குப் போனேன். ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் கடைசி. அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பத்தடி பின்னால் வந்தார். அவன் வாசலில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். என்னைப் பார்த்தும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"எந்த ஊருங்க அம்மணி?" என்றான். எங்கள் பக்கத்துப் பேச்சு. நாமக்கல் பக்கம் என்று பிறகு தெரிந்தது.

"பனமரத்துப்பட்டிப் பக்கமுங்க."

"நாயி வருதுன்னு சொன்னாங்க."

தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

"உட்டுட்டு வந்துட்டேனுங்க. கடிக்கற நாயி. ஆரைக் கடிக்கோணும்னு எனக்குத் தெரியலை."

அவன் கத்தி தீட்டுவதை நிறுத்தினான். எனக்குப் பின்னால் என் கணவர் மெல்ல முன்னால் வந்தார். அவர் ஆட்களை 'டா' போட்டுத்தான் பேசுவார் என்று வந்த மறுநாளே கேட்டிருந்தேன்.

"தப்பு என்னுதுங்க" என்றார். "அன்னிக்கு உங்களை அனுப்பியிருக்கோணும்."

அவன் கத்தியின் முனையைப் பார்த்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "வெயில்ல நிக்காதீங்க அம்மணி. ஊட்டுக்குப் போங்க" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு மறுபடி கத்தியைத் தீட்ட ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. ஆனாலும் அவன் அங்கிருந்த எட்டு மாதமும் அவர் வேலை முடிந்து வரக் கொஞ்சம் நேரமானால் நான் பாதையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பிறகு ஒரு நாள் அவன் யாரிடமும் சொல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான்.

இதற்கிடையில் ஊரிலிருந்து அண்ணன் எழுதினான். செவலை ஆடி மாதம் மாட்டுக் கட்டுத்தரையில் செத்துக் கிடந்ததாகவும், வேப்பமரத்தடியில் புதைத்ததாகவும், கருவாயன் சுகம் என்றும் எழுதியிருந்தான். ஜங்ஷனில் கயிறு நழுவியதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

என் கணவர் மாறித்தான் போனார். வீட்டில் நோய் என்று எவர் வந்து நின்றாலும் லீவு கொடுத்து அனுப்பிவிடுவார். துரையிடம் வசவு வாங்குவார். இரண்டு வருஷத்தில் அந்த வேலையே போயிற்று. சின்னத் தோட்டம் ஒன்றில், பாதிச் சம்பளத்தில், வேறு வேலை கிடைத்தது. நாங்கள் அங்கே மாறினோம். இரக்கத்தால்தான் அப்படி மாறினாரா, அடிக்குப் பயந்தா என்று என்னால் ஒருபோதும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டேன். "எனக்கே தெரியலை" என்றார். அவர் சொன்னதில் நான் முழுசாக நம்பியது அது ஒன்றைத்தான்.